பட்டுப்புடவையில் ஒரு பரீட்சை

அத்தியாயம் 17

திருக்கடையூர் கோயில் பிராகாரத்தில் அன்று கால் வைத்த இடமெல்லாம் ஹோமப் புகை. ஒரு குடும்பத்துக்குக் கொட்டிய கெட்டிமேளத்தைத் தங்களுக்கென்று நினைத்து, பக்கத்துக் குடும்பத்துப் பெரியவர் தாலியைக் கையில் எடுத்துவிட்டார். புரோகிதர் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிரகதீஸ்வரியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மணி பார்த்தாள்.

மாமனார் வைத்தியலிங்கத்துக்கு அறுபது. மாமியார் நாகம்மாளின் கழுத்தில் இரண்டாம் முறை தாலி ஏறும் நாள். வீட்டுக்கு ஒரே மருமகள் பிரகதீஸ்வரிதான், எல்லோருக்கும் ஈஸ்வரி. கலச நீர் எடுத்துக் கொடுத்தது அவள், அட்சதைத் தட்டை நீட்டியது அவள், கண்ணில் புகை பட்டு அழுத குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியதும் அவள். எதிலும் குறை வைக்கவில்லை. ஒரு குறை வைத்தால் போதும், அதை அவளுடைய படிப்பின் தலையில் கட்டிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பி.ஏ. ஆங்கில இலக்கியம். தொலைநிலைக் கல்வி. ப்ளஸ் டூ முடித்ததும் கல்யாணமாகி நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்கு வந்தவள், மகள் இசைவாணி பள்ளிக்கூடம் போய்வரப் பழகிய பிறகு விண்ணப்பம் போட்டாள். புத்தகக் கட்டு தபாலில் வந்தபோது அதை மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு வந்து இறக்கியவர் மாமனார்தான். "படிம்மா, நம்ம வீட்ல ஒருத்தராவது இங்கிலீஷ் பேசட்டும்" என்றார். சனி, ஞாயிறு நேர்முக வகுப்புக்குத் தஞ்சாவூர் பேருந்தில் ஏற்றிவிட்டவரும் அவர்தான். நடவு நடக்கிற நாளில்கூட, "அவ போகட்டும், ஆளுங்களுக்குச் சாப்பாடு நான் பாத்துக்கிறேன்" என்றிருக்கிறார். நாகம்மாள் அப்போதெல்லாம் வாயைத் திறக்கமாட்டாள். பாத்திரங்கள்தான் சத்தம் போடும்.

கணவன் ராஜராஜன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். சாயங்காலம் வீடியோ காலில் வருவான். ஈஸ்வரி பாடம் வாசித்துக் காட்டுவாள். உடன் தங்கியிருப்பவர்களிடம் போனைத் திருப்பி, "எங்க வீட்டம்மா, லிட்ரேச்சர்" என்று பெருமையாகச் சொல்வான்.

எல்லாத் தாளும் எழுதி முடித்தாகிவிட்டது. ஒன்றே ஒன்று பாக்கி. கார்த்திகை மழையில் தள்ளிவைத்த அந்தக் கடைசித் தாளை, தை மாதத்தில், மாமனாரின் நட்சத்திரம் வரும் இதே நாளில் கொண்டுவந்து போட்டார்கள். இந்த முறை எழுதாவிட்டால் அடுத்த முறைக்கு ஓர் ஆண்டு ஆகும். நீடாமங்கலத்துப் பள்ளிக்கூடத் தாளாளர், பட்டம் கையில் இருந்தால் ஜூனில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஓர் ஆண்டு காத்திருக்க அவர் உறவுக்காரர் இல்லை.

"தாலி கட்டுறது காலையில. உன் பரீட்சை மத்தியானம் ரெண்டு மணிக்கு. சென்டர் மயிலாடுதுறை, உங்க அம்மா வீட்டுப் பக்கம்னு நீ போட்டதுதானே. திருக்கடையூர்லேருந்து முக்கால் மணி தூரம். நானே கொண்டுபோய் விடுறேன், போதுமா?" என்று போனில் சொன்னவன் ராஜராஜன். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் இந்த ஒரு மாதமும் மாமியாரின் முகத்தைப் பார்க்காமல் படித்தாள்.

அவன் வந்து ஒரு வாரமாகிறது. வழக்கமாக ஒரு பெட்டியோடு வருபவன், இந்தத் தடவை மூன்று பெட்டியோடு இறங்கினான். பிரித்து அடுக்கும்போது உள்ளே அவனுடைய தலையணையும் இஸ்திரிப் பெட்டியும் இருந்தன. விடுமுறைக்கு வருகிறவன் தலையணையைத் தூக்கிக்கொண்டு வருவானா? ஈஸ்வரி கேட்கவில்லை. பரீட்சை முடியட்டும் என்று அந்தக் கேள்வியையும் பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டாள்.

கல்யாண மண்டபத்தில் பந்தி முடிகிற சமயத்தில் புடவை மாற்ற அறைக்குள் போனவளை நாகம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

"எங்க, பட்டை அவுக்கப் போறியா? சாயங்காலம் ஆரத்தி இருக்கு. இதே புடவையோட போ. பரீட்சையில என்ன, புடவை நல்லாருக்குன்னு மார்க்கா குறைக்கப் போறாங்க?"

"சரி அத்தை."

வாதாட நேரமில்லை. மாலையை மட்டும் கழற்றிவைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாடகைக் காரின் ஓட்டுநர் அப்போதுதான் இலையில் உட்கார்ந்திருந்தார். "அவர் சாப்பிடட்டும், நான் ஓட்டுறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டான் ராஜராஜன். பின் இருக்கையில் அவன் தங்கை ஷோபனா ஏறினாள். தாம்பூலப் பைகள் குறைந்துவிட்டனவாம், மயிலாடுதுறையில் வாங்கிவர வேண்டுமாம். ஷோபனா கணவனைப் பிரிந்து பிறந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளுக்கும் அவள் பிள்ளைக்கும் அண்ணன் அனுப்பும் பணம்தான்.

"நேரம் இருக்குல்ல?" என்றாள் ஈஸ்வரி.

"தாராளமா இருக்கு" என்றான்.

ஆக்கூரில் காரை நிறுத்தி இளநீர் வாங்கினான். யாரும் கேட்கவில்லை. வெட்டுகிறவனிடம் வழுக்கையாக வேண்டும் என்று இரண்டு காயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்றாவதை வாங்கினான். ஈஸ்வரி தன்னுடையதைக் குடிக்காமலே கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

செம்பனார்கோயிலில் டீசல் போட நின்றான். முள் பாதிக்கு மேலே இருந்ததை அவள் பார்த்தாள். டீசல் போட்டதும் டயருக்குக் காற்று பார்க்கச் சொன்னான். காற்று பார்த்ததும் போனை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க் ஓரமாகப் போனான். அவன் வாய் அசையவே இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

"ஷோபனா, அண்ணனைக் கூப்பிடும்மா."

"வந்துடுவாங்க அண்ணி. டென்ஷன் ஆகாதீங்க."

ஊரைத் தாண்டியதும் நெல் கொள்முதல் நிலையம் வந்தது. சம்பா அறுவடை நேரம். லாரிகள் சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு வரிசையில் நின்றன. மறுபாதி காலியாக இருந்தது. பைக்குகள் போயின, ஒரு வேன் போனது, பின்னால் வந்த பேருந்துகூட ஒலியெழுப்பிவிட்டு ஒதுங்கித் தாண்டிப் போனது. ராஜராஜன் மட்டும் கடைசி லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான், தானும் மூட்டை ஏற்றிவந்தவன் மாதிரி.

ஈஸ்வரி அவன் பக்கம் திரும்பினாள்.

"வேணும்னே பண்றீங்களா?"

அவன் காரைப் பின்னால் எடுத்து, சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒதுக்கி நிறுத்தினான். சாவியைத் திருப்பி அணைத்தான்.

"எனக்கு வேலை போயிடுச்சு, ஈஸ்வரி."

அவளுக்குத் தலையணை ஞாபகம் வந்தது.

"எப்போ?"

"கார்த்திகையில. உன் பரீட்சை தள்ளிப்போச்சுன்னு சொன்னியே, அதே வாரம். ஒரு மாசம் டைம் குடுத்தாங்க. வேற கம்பெனி எதுவும் அமையல."

"தினமும் போன்ல பேசினீங்களே."

"பேசினேன். நீ போன் பண்ற நேரத்துக்கு யூனிபார்ம் சட்டையை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

அவள் கையிலிருந்த இளநீரைக் கதவைத் திறந்து கீழே வைத்தாள். பின்பக்கம் அரவமில்லை. ஷோபனா ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"என்னன்னு சொல்றது?" அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சான். காபி குடுத்தான். நெறைய பேசினான், பாதி புரிஞ்சுது, பாதி புரியல. கடைசியில, 'வி ஹேவ் டு லெட் யூ கோ'ன்னான். அப்பா கல்யாணத்துக்கு லீவு கேட்டிருந்தேன்ல, லீவுக்கு விடுறான்னு நெனச்சேன். தேங்க்யூ சார், தேங்க்யூ சார்னு கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டு வந்தேன். வெளிய வந்து எல்லாருக்கும் லீவு கெடச்சுதுன்னு சொன்னேன். மேனேஜர் என்ன சொன்னான்னு ஒருத்தன் திரும்பத் திரும்பக் கேட்டான். அப்புறம் என்னை ஓரமா கூட்டிட்டுப் போயி, அப்படின்னா வேலையை விட்டு அனுப்புறாங்கன்னு அர்த்தம்னு சொன்னான்."

கடலுக்கு அந்தப் பக்கம், யாரோ ஒருவன் முன்னால், இவன் நன்றி சொல்லிக் கை குலுக்கியது ஈஸ்வரியின் கண்ணுக்குள் வந்து நின்றது. அவன் தோளில் கை வைத்தாள்.

"அன்னைக்கு சாயங்காலம் நீ ஒரு கவிதை படிச்சுக் காட்டின" என்றான் அவன். "ஒரு வரி புரியல எனக்கு. நல்லாருக்கா நல்லாருக்கான்னு கேட்ட. நல்லாருக்குன்னு சொன்னேன்."

"சரி. போனது போகட்டும். பரீட்சை எழுதிட்டு வந்துடுறேன். ராத்திரி உக்காந்து பேசுவோம். ஜூன்ல எனக்கு வேலை வந்துடும். அதுக்குள்ள நீங்களும் எதையாவது…"

"அதைத்தான் சொல்ல வர்றேன். நீ இந்தப் பரீட்சை எழுத வேணாம்."

அவள் கை அவன் தோளிலேயே இருந்தது. எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"ஒரு வருஷம் தள்ளிப் போடு" என்றான். "நான் எங்கயாவது காலூன்றிக்கிறேன். அப்புறம் நீ எழுது, வேலைக்குப் போ, எவன் கேக்கப் போறான். இப்ப நீ கைப்பையை மாட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போவ, நான் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வரப்புல நிக்கணுமா? ஊர்ல என்ன பேசுவாங்க தெரியுமா? பொண்டாட்டி டீச்சரு, புருஷன் தண்டச்சோறுன்னு."

"மாமா வரப்புல நிக்கலையா?"

"அப்பா எங்கயும் போகல. அதனால நிக்கிறாரு. நான் பன்னெண்டு வருஷம் பிளேன்ல போய்ட்டு வந்தவன்."

"அதுக்காக நான் எழுதக் கூடாதா?"

"ஒரு வருஷம்தானே கேக்குறேன்."

கேட்கிற குரல்தான். ஆனால் சாவி அவன் கையில் இருந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். போன மாதம் இதே மனிதன்தான், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னான். அப்போதே வேலை போயிருந்தது. இந்த மரத்தடி இல்லாவிட்டாலும் வேறொரு மரத்தடியில் நிறுத்த வேண்டும் என்பதை அவன் அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

"உங்களுக்கு வேலை போனது எனக்கு வலிக்குது" என்றாள். "ஆனா இது என் பரீட்சைங்க."

"அப்ப என்னைவிட உனக்கு அதுதான் முக்கியம்."

"காரை எடுக்கிறீங்களா, இல்லையா?"

அவன் எடுக்கவில்லை. ஈஸ்வரி பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இறங்கும்போது, பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஷோபனாவின் முகம் தெரிந்தது. கண் திறந்திருந்தது. ஈஸ்வரி பார்த்ததும் மூடிக்கொண்டது. மூடிய இமைக்குக் கீழே ஈரம் ஓடியது.

கல்யாணப் பட்டைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காது மடலில் சந்தனம் காய, அவள் லாரி வரிசையைத் தாண்டி நடந்தாள். மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பட்டுப்புடவையில் தனியாக ஓடுகிற பெண்ணிடம் என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

நகரப் பேருந்து ஒன்று வந்தது. நிறுத்தமில்லாத இடத்தில் கையை நீட்டினாள். ஓட்டுநர் அவள் கோலத்தைப் பார்த்துவிட்டு பிரேக்கை மிதித்தார். "என்னம்மா, முகூர்த்தத்துக்கு லேட்டா?" என்றார் நடத்துநர். ஆமாம் என்று தலையசைத்தாள்.

மயிலாடுதுறையில், பரீட்சை நடக்கும் கல்லூரி வாசலில் கமருன்னிஸா நின்றிருந்தாள். நீடூர்க்காரி, நாற்பதைத் தாண்டியவள், தஞ்சாவூர் வகுப்பில் மூன்று வருடமாக ஈஸ்வரியின் பக்கத்து இருக்கை. பரீட்சை தொடங்கிய பிறகும் அவள் உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு கால், உள்ளே ஒரு கால் வைத்துக் காவலாளியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஏன்க்கா உள்ள போகல?"

"நான் போயிட்டா இந்த மனுஷன் கேட்டைச் சாத்திடுவாருல்ல. ரெண்டரை வரைக்கும்தான் விடுவாங்களாம். வாங்க வாங்க, மூச்சு வாங்குறதை உள்ள போயி வாங்கிக்கலாம்."

தேர்வறை மேற்பார்வையாளர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "இதெல்லாம் எதுக்கும்மா வயசான காலத்துல" என்று முணுமுணுத்தபடி தாளைக் கொடுத்தார்.

ஆங்கில மொழி வரலாறு. முதல் பக்கத்தில் அவள் கை எழுத்தைத் தாறுமாறாக இழுத்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள். காலப்போக்கில் சொற்களின் பொருள் மாறுவதைப் பற்றி ஒரு கேள்வி. படித்துவைத்த உதாரணங்களை வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். 'லெட்' என்ற சொல். இன்றைக்கு விடு, அனுமதி என்று பொருள். பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் அதே ஒலியில் இன்னொரு சொல் இருந்தது, தடு என்ற பொருளில்.

பாடத்தில் படித்தபோது அது ஒரு வேடிக்கையாக இருந்தது. இப்போது அந்தச் சொல்லுக்குள் அவன் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான். நன்றி சார், நன்றி சார் என்றான். அவளுக்குக் கண் நிறைந்தது. விடைத்தாளில் சொட்டிவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பித் துடைத்துவிட்டு, அந்த உதாரணத்தையும் எழுதினாள். பிறகு மணி அடிக்கும் வரை தலை நிமிரவில்லை.

வெளியே வந்ததும் கமருன்னிஸா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதியாச்சு. இனி எவனால புடுங்க முடியும்? எங்க ஊட்டுக்கு வந்து ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க. முகமே சரியில்ல."

"இன்னொரு நாள் வர்றேன்க்கா. ஆரத்திக்கு இருக்கணும்."

பேருந்தின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபோது அவளுக்குக் கோபம் வடிந்திருந்தது. எழுதிவிட்டோம் என்ற ஒன்றே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. அவனும் பாவம்தான். யாரிடமும் சொல்ல வேண்டாம், இரண்டு பேருமாக ஏதாவது செய்துகொள்ளலாம் என்று வழியெல்லாம் சொற்களைக் கோத்துக்கொண்டே வந்தாள். திருக்கடையூரில் இறங்கும்போது தெரு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது.

மிஞ்சியிருந்த உறவுக்காரர்கள் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாமனாரும் மாமியாரும், கழுத்தில் வாடிய மாலையோடு. ஆரத்தித் தட்டு கரைத்தபடியே ஓரமாக இருந்தது. சுற்றி முடிந்திருந்தது. யாருடைய கையாலோ.

"எழுதிட்டியாம்மா? நல்லா எழுதினியா?" என்றாள் நாகம்மாள். குரலில் தேன்.

"எழுதிட்டேன் அத்தை."

"எழுதணும்ல. உன் படிப்புக்காக என் புள்ள கையில இருந்த வேலையை விட்டுட்டு வந்திருக்கான். அதுக்காகவாவது நல்லா எழுதணும்ல."

ஈஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை. நின்ற இடத்திலேயே ராஜராஜனைத் தேடினாள். அவன் மேடைப் பக்கம் தோரணத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவிழ்க்க அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

"என்ன சொல்றீங்க அத்தை?"

"நான் என்னத்தைச் சொல்ல. அவனே வாயைத் திறந்து சொன்னான். வேலைக்குப் போயே தீருவேன்னு நீ ஒத்தக்கால்ல நின்னியாமே. பொண்ணைப் பாத்துக்க ஆளில்லைன்னு, நல்ல வேலையை எழுதிக் குடுத்துட்டு வந்துட்டான். இன்னைக்கு அவ்வளவு தூரம் கெஞ்சியிருக்கான், நடுரோட்ல இறங்கிப் போயிட்டியாம். என் மாலை வாடுறதுக்குள்ள இதையும் கேக்கணும்னு இருந்திருக்கு."

யாரோ ஒரு பெரியம்மா உச்சுக் கொட்டினாள்.

ஈஸ்வரி மாமனாரைப் பார்த்தாள். இந்தக் கூட்டத்தில் அவர் ஒருவராவது ஒரு கேள்வி கேட்பார் என்று நினைத்தாள். வைத்தியலிங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"உன்னைப் படிக்கச் சொன்னவன் நான்தான்மா" என்றார் மெதுவாக. "அந்தக் கட்டைத் தூக்கிட்டு வந்து வீட்ல வெச்சவனும் நான்தான். உம்மேல என்ன தப்பு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"மாமா, அது அப்படி இல்ல மாமா" என்று தொடங்கினாள். தொண்டைவரை வந்துவிட்டது. மேனேஜர், காபி, கை குலுக்கியது, எல்லாம். இத்தனை பேருக்கு முன்னால், பெற்றவர்களின் கல்யாண நாளில், அதைச் சொன்னால் ஆயுளுக்கும் அது அவன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். எதிரே இருப்பவர்களில் இரண்டு பேராவது நாளைக்கே, "தேங்க்யூ சார்" என்று அவனைக் கூப்பிட்டுச் சிரிப்பார்கள். சொற்கள் நாக்கிலேயே நின்றுகொண்டன.

ஷோபனா தூணோரம் நின்று மகனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வாரிய தலையையே மறுபடி வாரினாள்.

"ஷோபனா, கார்ல நீயும்தானே இருந்த?"

சீப்பு நின்றது. ஷோபனா அண்ணனைப் பார்த்தாள். கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவனும் அவளைப் பார்த்தான். ஒரு பார்வைதான்.

"நான் தூங்கிட்டேன் அண்ணி" என்றாள். "எதுவும் காதுல விழல."

ஈஸ்வரி மாமனார், மாமியார் காலில் விழுந்து எழுந்தாள். வைத்தியலிங்கம் அவள் தலையில் அட்சதை போட்டார். எப்போதும் கூடவே வருகிற "நல்லா இரும்மா" இன்று வரவில்லை.

மண்டபத்தின் பின்பக்கம் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ராஜராஜன் வந்து நின்றான். அவள் தண்ணீரை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? எப்பத் திரும்பப் போறன்னு சொந்தக்கார மாமா ஒருத்தரு கேட்டாரு. எல்லாரும் என் வாயையே பாத்தாங்க. வந்துடுச்சு."

"வந்துடுச்சா?"

"ஈஸ்வரி, யோசிச்சுப் பாரு. பொம்பளை படிக்கிறேன்னு போனா நாலு நாள் பேசுவாங்க, விட்டுடுவாங்க. ஆம்பளையை வேலையை விட்டுத் துரத்தினாங்கன்னா சாகுற வரைக்கும் பேசுவாங்க. நீ தாங்கிக்குவ. உனக்கு என்ன, நீ கெட்டிக்காரி."

பாராட்டுகிற குரலில்தான் சொன்னான். அவள் குழாயை மூடினாள். பேருந்தில் கோத்துக்கொண்டு வந்த சொற்களில் ஒன்றுகூட இப்போது அவளிடம் இல்லை.

"அம்மா."

இசைவாணி படியில் நின்றிருந்தாள். பத்து வயது. பாவாடையில் பந்தியின் பாயசக் கறை. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் அப்பா பேசியது காதில் விழுந்த மாதிரியும் இல்லை. உள்ளே கேட்டதைச் சுமந்துகொண்டு நேராக அம்மாவிடம் வந்திருந்தாள்.

"அப்பாவுக்கு உன்னாலதான் வேலை போச்சாம்மா?"

ராஜராஜனும் பதிலுக்குக் காத்திருந்தான். கூட்டத்தின் முன்னால் காப்பாற்றினாயே, இங்கேயும் காப்பாற்று என்று அவன் கண் கேட்டது.

ஈஸ்வரி முகத்தைத் துடைத்தாள். ஊருக்கு முன்னால் விழுங்கியதை அவளால் விழுங்க முடிந்தது. இதை முடியவில்லை. இந்தப் பெண் நாளைக்குத் தானும் ஒரு புத்தகக் கட்டைக் கையில் எடுக்கும்போது, அப்பாவின் வேலை ஞாபகத்துக்கு வரும்.

"இல்ல" என்றாள்.

"அப்ப ஏன் அப்பா அப்படிச் சொன்னாங்க?"

"அதை அப்பாகிட்டயே கேளு."

இசைவாணி ஒரு கணம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படியிறங்கி, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையில் வழுக்காமல், அப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள்.